குடிப்பழக்கமும் நம் மக்களும் – ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறுவது இயல்பே. குடியைப் பற்றி இங்கு எதற்கு ஒரு கட்டுரை என்று சிலர் வினவக்கூடும். படிப்பை இடையில் நிறுத்திவிட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்து சென்று காரணம் கேட்ட கழகத் தொண்டர்கள் அவ்வாறு வினவ மாட்டார்கள். அவ்வீடுகளில் தாய்மார்கள் முதலில் வேறு காரணங்களைக் கூறுவர். பிள்ளைக்குக் கண்வலி என்பர். சீருடை இல்லை என்பர். அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்பர். தொண்டர்கள் விடைபெற்று எழும் வேளையில், வாசற்படியில் நின்று, உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்காத குரலில் உண்மையைச் சொல்வர்.

இந்நோயைப் பற்றி இரண்டு விதமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. ஊரார் ஏளனமாகப் பேசுவர். இவர்களுக்கு நிலம் கொடுத்தாலும் வேலை கொடுத்தாலும் குடித்தே அழித்துவிடுவார்கள் என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்பளிப்பர். நாமோ வாய் திறப்பதே இல்லை. குடி நம் இரத்தத்தோடு பிறந்தது என்ற பொய் இவ்விரண்டினாலும் வளர்ந்தது. அப்பொய் எவ்வாறு உருவாயிற்று, குடி மனிதனின் உடலையும் உள்ளத்தையும் உண்மையில் என்ன செய்கிறது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழகத்தில் மது எந்த ஒரு சாதிக்கும் உரிய பொருளாக இருந்ததில்லை. சங்க காலத்து வேந்தரும் புலவரும் கள்ளுண்டு மகிழ்ந்ததைப் புறநானூறு மறைக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அம்மன்னன் தனக்குக் கிடைத்த கள்ளைப் புலவரோடு பகிர்ந்துண்ட செய்தியே முதலில் வருகிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமதுவைக் குறிப்பிடுகிறார். வள்ளுவர் கள்ளுண்பதைக் கண்டித்துரைக்கும் 93-ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசையும் அமைச்சையும் நட்பையும் பேசும் பகுதியிலேயே வைத்திருக்கிறார். சேரியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அதிகாரம் என்று அதனை யாரும் சொல்லத் துணியமாட்டார்.

அவ்வாறாயின், குடி நம் மக்களின் அடையாளமாக எப்போது ஆக்கப்பட்டது? இதற்கு விடை காண வேண்டுமானால் கூலியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

காவிரிப் படுகையிலும் பாலாற்றங்கரையிலும் பண்ணையாளாக உழைத்தவனுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. கையில் காசு புழங்கிய நாள் அரிது. நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் வேகமாக வேலை செய்ய வேண்டுமென்றால் கள்ளுக் கலயம் வரப்புக்கு வந்தது. நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நின்றவனுக்கு அது பசியை மறைத்தது. முதுகுவலியைச் சில நாழிகை மறக்கச் செய்தது. சாவு வீட்டில் பறையடித்தவனுக்கும், குழி வெட்டியவனுக்கும், பிணம் சுட்டவனுக்கும் கொடுக்கப்பட்ட கூலியில் சாராயமும் ஒரு பங்கு. செத்த மாட்டைத் தூக்குவதும், பிற்காலத்தில் நகரங்களில் மலக்கூடை சுமப்பதும், கழிவுநீர்ச் சாக்கடைக்குள் இறங்குவதும் தெளிந்த அறிவோடு செய்யக்கூடிய வேலைகள் அல்ல. நாற்றத்தைத் தாங்குவதற்காகவே குடித்தோம் என்று சொன்ன முதியவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். இழிந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியவர்களே, அவ்வேலையைச் செய்ய வேண்டிய மயக்கத்தையும் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு, இவர்கள் குடிகாரர்கள் என்று அவர்களே சொன்னார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறையர்களின் குடியை இகழ்ந்து எழுதினார். அவருக்குப் பின் வந்த அதிகாரிகள் பலரும் அவ்வசையையே திருப்பி எழுதினர். அக்குடியை ஊற்றிக் கொடுத்த கை யாருடையது என்று அவர்களுள் கேட்டவர் மிகச் சிலரே.

இதற்குமேல் அரசின் கலால் வந்து சேர்ந்தது. போதைப் பொருளைக் கொண்டு கருவூலத்தை நிரப்பும் வித்தையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் முன்பே அபினியில் கற்றிருந்தனர். வங்காளத்து அபினியை 1773-இல் தம் ஏகபோகமாக்கிக்கொண்டு, பாட்னாவிலும் காசிப்பூரிலும் பக்குவப்படுத்திக் கல்கத்தாவில் ஏலம் விட்டனர். அது சீனத்துக்குள் கள்ளத்தனமாகச் சென்றது. சீனப் பேரரசு தடுத்தபோது 1839-இல் போரே மூண்டது. ஒரு நாட்டு மக்களின் நரம்புகளைக் கெடுத்துப் பெற்ற பணத்தால் மற்றொரு நாட்டை ஆண்டனர் என்பது வரலாறு.

சென்னை மாகாணத்தில் அபினிக்குக் கிட்டாத இடம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கிட்டியது. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ், உரிமம் இல்லாமல் கள் இறக்குவதும் சாராயம் காய்ச்சுவதும் குற்றமாயின. பனைக்கும் தென்னைக்கும் மரவரி விதிக்கப்பட்டது. மரங்களில் எண் இடப்பட்டது. கடைகள் ஏலம் விடப்பட்டன. அதிக விலைக்கு ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் அதிகமாக விற்க வேண்டும். ஆகவே, கூலி வாங்கி வருபவன் கடந்து செல்லும் வழியில் கடையை வைத்தான், கடனுக்கும் ஊற்றினான். மாகாண அரசின் வருவாயில் நிலவரிக்கு அடுத்த இடத்தைக் கலால் வருவாய் பிடித்தது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அப்பணத்திலிருந்தே செலவிடுகிறோம் என்று ஆட்சியாளர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தை நாம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடல் கடந்து சென்றவர்களையும் கள்ளுக்கடை விடவில்லை. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுள் ஆதிதிராவிடர் பெருந்தொகையினர். பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகையாக இருந்தபோது கள்ளுக்கடை உரிமத்தோடும் ஒழுங்கோடும் நடந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்கும் கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. அரசு படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் அவர்களைக் கலைக்கக் காவல்துறை வந்தபோது தொழிலாளர் ஒருவர் உயிர் இழந்தார். கள் குடிப்பதற்காகத் தமிழன் அடிபட்ட கதைகளைக் கேட்டிருக்கிறோம். கள்ளை எதிர்த்து அடிபட்டுச் செத்தவனின் கதை நம் பாடநூல்களில் இல்லை.

நம் நாட்டிலும் நம் தலைவர்கள் வாளாவிருக்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்து, பஞ்சசீலத்தை நம் மக்களிடையே கொண்டுசென்றார். மயக்கம் தரும் பொருள்களை விலக்குவது அவ்வைந்தில் ஒன்று. அவர் சித்த மருத்துவரும் ஆவார். தென்னார்க்காட்டில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதோடு நில்லாமல், கள்ளை விடுங்கள் என்று சேரி சேரியாகச் சென்று சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் மதுவிலக்குக்காகக் குரல் எழுப்பினார். பிற்காலத்தில் எல். இளையபெருமாள், பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் விட்டொழிக்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போராடினார். அவ்வேலைகள் போனால் அவற்றோடு கூலியாக வந்த சாராயமும் போகும் என்பதை அறிந்தவர்கள் அக்காலத்து மக்கள். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்றாகும். இவர்கள் எல்லோரும் குடியை மானத்தோடும் விடுதலையோடும் இணைத்துப் பேசினர். ஏளனம் செய்தவர்களின் குரலுக்கும் இவர்களின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இனி மதுவிலக்குச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடார்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. விடுதலைக்குப் பின் ஓமந்தூரார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவும், உடல்நலத்துக்குக் கேடான மது, போதைப் பொருள்களை மருத்துவத் தேவைக்கன்றி விலக்குவதற்கு அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன நேர்ந்தது? வசதி படைத்தவர் மருத்துவரிடம் சான்று பெற்றுப் பெர்மிட்டில் மது வாங்கினார். கூலிக்காரன் கள்ளச்சாராயம் குடித்தான். காய்ச்சி விற்ற பெரும்புள்ளி எப்போதேனும் அகப்பட்டான். குடித்துவிட்டுத் தெருவில் நடந்தவன் எப்போதும் அகப்பட்டான்.

1971 ஆகஸ்டு 30 அன்று மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கடைகள் திறந்தன. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987-இல் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. சீமைச் சரக்கு மட்டும் தொடர்ந்தது. 1990-இல் மலிவு விலை மது வந்தது, 1991-இல் போயிற்று. 1983-இல் மொத்த விற்பனைக்காக அமைக்கப்பட்ட அரசு வாணிபக் கழகமே 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் நடத்தத் தொடங்கியது. கடைகள் இத்தனை முறை திறந்தும் மூடியும் வந்த இக்காலம் முழுவதும் வருவாய் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கணக்கிட்டார்கள். குடித்துப் பழகிய உடல் என்ன ஆகும் என்று யாரும் கணக்கிடவில்லை. இதை நான் நூல் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே நேர்ந்த ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா எங்கள் ஊரில் பறையடித்தவர். அவர் கை பறையில் பட்டால் அடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். எந்தச் சாவு வீட்டிலும் அவருக்கு முதலில் நீட்டப்பட்டது சாராயம், காசு பிறகுதான். கடை திறந்த மூன்று ஆண்டுகளில் காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார். 1974-இல் சாராயக்கடைகள் மூடப்பட்டபோது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். கள்ளத்தனமாக விற்பவனிடம் போகமாட்டேன் என்று பெரியப்பா தம் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். குடும்பமே மகிழ்ந்தது. பெரியம்மா அன்று நெல்லுச் சோறு ஆக்கினார்.

முதல் நாள் இரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. உடல் வியர்த்துக் கொட்டியது. சோற்றை எடுத்த கை நடுங்கி உருண்டை இலையிலேயே விழுந்தது. மறுநாள் பிற்பகல் வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ள, கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தார். இறந்துபோன தம் தமையனோடு பேசினார். எந்தப் பிணத்துக்குப் பறையடித்தாரோ அதன் ஆவி பிடித்துக்கொண்டது என்று ஊர் முடிவு செய்தது. தூணில் கட்டினார்கள். கோடாங்கி வந்து வேப்பிலையால் அடித்தான். நான்காம் நாள் விடியுமுன் அவர் இறந்தார்.

குடித்தே செத்தார் என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில், குடியைத் திடுமென நிறுத்தியதாலும், அதற்கு மருத்துவம் உண்டு என்று சுற்றியிருந்த ஒருவருக்கும் தெரியாததாலும் அவர் செத்தார். இதனை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இதன் காரணத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் மூளையில் நரம்புகளைத் தூண்டும் வேதிப்பொருளும் தணிக்கும் வேதிப்பொருளும் ஏற்ற மரத்தின் இரு முனைகளைப் போலச் சமநிலையில் நிற்கின்றன. மது தணிக்கும் பக்கத்தை அழுத்துகிறது. அச்சம் குறைவதும், நாணம் விலகுவதும், உறக்கம் வருவதும் இதனாலேயே. நாள்தோறும் அழுத்தினால் மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலைக்காகத் தூண்டும் பக்கத்தில் அதுவும் எடையைக் கூட்டுகிறது. முன்பு ஒரு குவளையில் வந்த மயக்கத்துக்கு இப்போது மூன்று குவளை வேண்டும். இந்நிலையில் மதுவைத் திடீரென எடுத்துவிட்டால், ஏற்றத்தின் ஒரு முனையிலிருந்து பாரத்தை விட்டதுபோல் மறுமுனை வேகமாகக் கீழிறங்குகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், ஓரிரு நாள்களில் வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சலோடு கூடிய மதிமயக்கமும் இல்லாத உருவங்களைக் காண்பதும் நேரலாம். குடிப்பவர் எல்லோருக்கும் இது நேர்வதில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவருக்கு நேரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். மருத்துவமனையில் சேர்த்தால், நரம்பைத் தணிக்கும் மாத்திரைகளை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தும், பி-1 வைட்டமினான தயாமினை ஊசி வழியே செலுத்தியும் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்கள். தயாமின் குறைவால் நடை தள்ளாடும். கண்ணின் அசைவு கெடும். கடைசியில் நினைவே அழியும். காலையில் பார்த்த மகனை மாலையில் யார் என்று கேட்கும் நிலை முதுமையால் மட்டும் வருவதில்லை.

ஈரலின் கதை பலரும் அறிந்தது. உடலில் சேர்ந்த மதுவின் பெரும்பகுதியை ஈரலே உடைக்கிறது. உடைக்கும் வழியில் பிறக்கும் நச்சு அதன் அணுக்களையே தாக்குகிறது. முதலில் கொழுப்பு படியும். இக்கட்டத்தில் குடியை விட்டால் ஈரல் சில வாரங்களில் தேறும். விடாவிட்டால் வீங்கும், பிறகு தழும்பேறிச் சுருங்கும். அப்போது கண் மஞ்சளாகும்; வயிற்றில் நீர் சேர்ந்து மகோதரமாகும்; உணவுக்குழாயில் புடைத்த இரத்தநாளம் வெடித்து இரத்த வாந்தி வரும். சேரியில் எத்தனையோ சாவுகளுக்கு மஞ்சள்காமாலை என்று மட்டும் பெயர் சொல்லி முடித்திருக்கிறோம். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோய் உண்டாக மது காரணமாகிறது. புகையிலையும் சேர்ந்தால் வாயிலும் தொண்டையிலும் வரும் ஆபத்து பன்மடங்கு பெருகும். கருவுற்ற பெண் குடித்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

உள்ளத்துக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வீட்டை அதுவே முதலில் அழிக்கிறது. துயரத்தை மறக்கக் குடிப்பதாகச் சொல்வார்கள். நாள்பட்ட குடி துயரத்தைப் பெருக்கிக் கொடுக்கும் என்பதே மருத்துவம் கண்ட உண்மை. உறக்கம் கெடுகிறது, காரணமில்லாத அச்சமும் சோர்வும் விடியற்காலையில் வந்து உட்காருகின்றன, அவற்றை விரட்ட மீண்டும் குடிக்கிறான். தற்கொலை எண்ணம் குடித்த வேளையில் மிக எளிதில் செயலாகிறது. நெடுநாள் குடித்த சிலருக்கு மனைவியின் மீது ஆதாரமற்ற சந்தேகம் ஒரு நோயாகவே முற்றிவிடுகிறது. தண்ணீர் எடுக்கச் சென்றவள் ஏன் நேரம் கழித்து வந்தாள் என்பதில் தொடங்கி அரிவாள் வரை சென்ற வழக்குகள் நம் ஊர்களில் உண்டு. அவற்றைக் குணக்கேடு என்று சொல்லி மனைவியையே பொறுத்துப் போகச் சொன்னோம். இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை மாலை ஆனதும் வாசலில் கேட்கும் காலடி ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணிக்கக் கற்றுக்கொள்கிறது. வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் கண்டிக்கும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில், நானும் அவ்வாறு கண்டித்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்றைய இளைஞர்களை நெருங்கும் கஞ்சாவும், வலி தணிக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் வேறு பொருள்கள் எனினும், மூளையைப் பழக்கி அடிமையாக்கும் வழி ஒன்றே. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சிக் கிருமியும் பரவுவது இதில் கூடுதல் கேடு. சிறு வயதில் கஞ்சாவைத் தொடங்குபவர்களில் சிலருக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மிகுகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் கடுமையானது. ஒரு முறை வழக்கில் சிக்கினால் அரசு வேலைக்கான வாயில் அடைபடும் என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

என் பெரியப்பாவுக்கு 1974-இல் நேர்ந்தது 2020-இல் நாடு முழுவதும் நேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மார்ச் இறுதியில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. நடுக்கத்தோடும் வலிப்போடும் மருத்துவமனைகளுக்குப் பலர் வந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் சவர லோஷனைக் கலந்து குடித்த மீனவர் மூவர் மாண்டனர். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கள்ளக்குறிச்சியில் மட்டும் 65-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட கூலித் தொழிலாளர்கள். மெத்தனால் குடித்தவுடன் தன் வேலையைக் காட்டுவதில்லை. ஈரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றச் சில மணி நேரமாகிறது. அதன்பின் வயிற்றுவலியும் மூச்சுத்திணறலும் வரும், கண் பார்வை போகும். உடனே மருத்துவமனைக்குச் சென்றால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் பலரைக் காப்பாற்றலாம். காவல்துறைக்கு அஞ்சி வீட்டில் படுத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டுவதில்லை.

கடைகளை மூட வேண்டும் என்று 2017-இல் ஊர் ஊராகத் தெருவில் அமர்ந்த தாய்மார்களின் பக்கமே நானும் நிற்கிறேன். அதே மூச்சில், கடையை மூடும் நாளில் மருத்துவமனையில் படுக்கை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். குடி ஒரு நோய் என்றும், மீள முடியும் என்றும் உலகம் உணரத் தொடங்கி நெடுநாளாயிற்று. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் கெட்ட பங்குத்தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லிக்கொண்டதிலிருந்து குடிநோயாளர் சங்கம் பிறந்தது. இன்று தமிழிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, சாதி கேட்பதில்லை. சென்னையில் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் அவர் பெயரால் ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். செல்வாக்கு மிக்க குடும்பம் அது. இந்நோய் எந்தத் தெருவையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சிகிச்சை கிடைக்கிறது. விட்டவர் மீண்டும் ஒரு முறை குடித்துவிடுவது இந்நோயில் வழக்கமாக நேர்வதே. சர்க்கரை நோயாளிக்கு மீண்டும் சர்க்கரை கூடினால் நாம் காறித் துப்புவதில்லை. இவரையும் அவ்வாறே மறுபடி அழைத்துச் செல்ல வேண்டும்.

என் பெரியப்பா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த அந்த மகள், எனக்கு அக்காள், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்துச் செவிலியரானார். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றுவிட்டார். வலிப்போடு ஓர் ஆணைத் தூக்கிவந்தால், பெயரையும் ஊரையும் எழுதுவதற்கு முன் அவர் உடன் வந்தவர்களிடம் ஒன்றைக் கேட்பாராம்: "இவர் கடைசியாகக் குடித்தது எப்போது?"